நடுநிலை வகுப்புகளில் நன்னடத்தை: தவறுகளை மட்டும் எழுதிவைக்கும் பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிப் பிள்ளைகளின் ஒழுக்கம் குறித்து வாசகர்கள் எழுதும் கடிதங்களை விடாமல் படித்துவருகிறேன். எழுதுபவர்கள் வெவ்வேறு ஊர்க்காரர்களாக இருந்தாலும் பெரும்பாலானோர் வந்துசேரும் இடம் ஒன்றுதான்: ஆசிரியர் கையிலிருந்து பிரம்பைப் பிடுங்கினார்கள், அன்றோடு ஒழுக்கமும் போயிற்று. தில்லியில் கணக்கு ஆசிரியராகப் பணியாற்றி, பணிக்காலத்தின் பெரும்பகுதியை ஆறு முதல் எட்டு வரையிலான நடுநிலை வகுப்புகளிலேயே கழித்து ஓய்வுபெற்ற எனக்கு இந்த முடிவோடு உடன்பாடில்லை. ஆனால், பிரம்பு இருந்த இடத்தில் எதை வைத்தோம் என்ற கேள்விக்குப் பள்ளிகள் இன்னும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்பதையும் மறுப்பதற்கில்லை. அந்தப் பதில் எதுவாக இருக்கலாம் என்பதைப் பற்றியே இக்கடிதம்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1973-ஆம் ஆண்டின் தில்லிப் பள்ளிக் கல்வி விதிகளில் உடல் தண்டனைக்கு இடமளித்திருந்த பகுதியைத் தில்லி உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் செல்லாது என்று அறிவித்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு பிள்ளையை மனத்தளவில் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடைசெய்தது. இவ்விரண்டுக்கும் இடையில், 2007-இல் மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில், பள்ளி செல்லும் பிள்ளைகளில் ஏறத்தாழ மூவரில் இருவர் பள்ளியில் உடல் தண்டனை பெற்றதாகக் கூறியிருந்தனர். அடியாத மாடு படியாது என்பவர்கள் இந்தக் கணக்கைச் சற்று யோசிக்க வேண்டும். அத்தனை பேரை அடித்தும் ஒழுக்கம் வந்து நிலைக்காததால்தானே, அதே பிள்ளைகளை அடுத்த வாரமும் அடிக்க வேண்டியிருந்தது?

எனினும், சட்டம் எதைச் செய்யக் கூடாது என்று சொன்னதே தவிர, எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவில் மதிய உணவுக்குப் பிறகு வரும் பீரியடில் நாற்பத்தைந்து பிள்ளைகளை எப்படி அமர்த்துவது என்று சொல்லவில்லை. அதனால் பிரம்பின் இடத்தில் அதன் பங்காளிகள் வந்து உட்கார்ந்துகொண்டன. உரத்த குரல், வகுப்புக்கு வெளியே நிறுத்துவது, டைரியில் ரிமார்க் எழுதுவது, பெற்றோரை வரவழைப்பது, அண்மைக்காலமாகப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் பெயரோடு போட்டுவிடுவது. இவை அனைத்துக்கும் பொதுவான ஒன்று உண்டு. பிள்ளை தவறு செய்யும்போது மட்டுமே பள்ளியின் கண் விழித்துக்கொள்கிறது. தவறுகளைக் குறித்துவைக்கப் பதிவேடு, டைரி, கரும்பலகை என்று பல ஏற்பாடுகள் இருக்க, சரியாக நடந்துகொண்டதைக் கவனிக்கவும் அதைப் பிள்ளையிடம் சொல்லவும் நம் பள்ளிகளில் எந்த ஏற்பாடும் இல்லை. நடுநிலை வகுப்புகளின் ஒழுக்கக் குறைவுக்கு இதுவே முதற்காரணம் என்பது என் கருத்து.

நடுநிலை வகுப்புகளை மட்டும் தனியே எடுத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளைத் தனியொரு கட்டமாகவே வைத்திருக்கிறது. பதினொன்று முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் இவர்கள். தில்லியில் இந்தக் கட்டத்தின் வாசலிலேயே ஒரு படி இடறுகிறது. மாநகராட்சிப் பள்ளிகள் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுவதால், அங்கே படித்த பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்குத் தில்லி அரசின் கல்வி இயக்ககம் நடத்தும் பள்ளிக்கு வந்தாக வேண்டும். நேற்றுவரை ஒரே வகுப்பாசிரியரின் முகம் பார்த்துப் பழகிய பிள்ளை, ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் காலை, புதிய கட்டடத்தில், பாடத்துக்கு ஓர் ஆசிரியராக ஏழெட்டுப் பேரின் முன் உட்காருகிறது. ஒருவர் வகுப்பில் தண்ணீர் குடிக்கக் கைதூக்கி அனுமதி கேட்க வேண்டும். அடுத்தவருக்கோ அனுமதி கேட்டாலே கோபம் வரும், சத்தமில்லாமல் குடித்துக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு நோட்டில் கோடு போட்டிருக்க வேண்டும், இன்னொருவருக்குப் போடக் கூடாது. எந்த விதி யாருடையது என்று புரியவே ஒரு பருவம் கழிந்துவிடுகிறது. அதற்குள் அந்தப் பிள்ளைக்கு ‘அடங்காதவன்’ என்ற பெயர் ஆசிரியர் அறையில் வைக்கப்பட்டுவிடுகிறது. எட்டாம் வகுப்பு முடிந்தாலும் அந்தப் பெயர் அவனை விடுவதில்லை.

ஆகவே, ஒரே பிரிவுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எல்லாருக்கும் பொதுவாக மூன்று நான்கு வழக்கங்களை மட்டும் முடிவுசெய்துகொள்வது நல்லது. இருபது விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டினால் அதை யாரும் படிப்பதில்லை, ஒட்டியவர் உட்பட. முடிவுசெய்த வழக்கங்களையும் பாடம் போலவே கற்றுக்கொடுக்க வேண்டும். ‘வரிசையாகப் போங்கள்’ என்று கத்துவது கற்பித்தல் ஆகாது. வகுப்பிலிருந்து ஆய்வகத்துக்கு எப்படிப் போவது என்பதை ஒரு முறை நடந்து காட்டி, பிள்ளைகளை நடக்கவைத்து, சரியாக வந்ததைச் சொல்லி, வராததை மீண்டும் செய்யவைக்க வேண்டும். இதற்குப் பதினைந்து நிமிடம் போகும். ஆனால் அந்தப் பதினைந்து நிமிடம் ஆண்டு முழுவதும் மிச்சப்படும்.

நோட்டுப் புத்தகம் வாங்குவதையே எடுத்துக்கொள்வோம். வெளியார் கண்ணுக்கு இது அற்பமாகத் தெரியலாம், கணக்கு ஆசிரியருக்கு அப்படியல்ல. நாற்பத்தைந்து பேரும் ஒரே நேரத்தில் எழுந்து மேசைக்கு வந்தால் தள்ளுமுள்ளு, கீழே விழுந்த ஜியோமெட்ரி பாக்ஸ், காம்பஸ் குத்தல், அதைத் தொடர்ந்து சண்டை, பஞ்சாயத்து. கடைசி பெஞ்சிலிருந்து தொடங்கி, ஒவ்வொருவரும் இன்று எழுதிய பக்கத்தைத் திறந்தபடி தன் நோட்டைக் கட்டின் மேல் வைத்து முன்பெஞ்சுக்கு நகர்த்தினால், யாரும் எழுந்திருக்காமல் ஒரு நிமிடத்துக்குள் அத்தனை நோட்டும் மேசைக்கு வந்துவிடும். இதை ஒரு வாரம் பொறுமையாகப் பழக்கி, ‘இன்று மூன்றாவது வரிசையில் ஒரு நோட்டுக்கூட மூடிய நிலையில் வரவில்லை’ என்று சொன்ன வகுப்பில், அந்தச் சண்டைகளுக்குக் காரணமே இல்லாமற்போனது. குறும்பு என்று நாம் எழுதிவைப்பதில் பாதி, இப்படிப் பழக்கித்தராத வேலைகளில் முளைப்பதுதான்.

பழக்கியது அப்படியே நிற்கும் என்றும் எண்ண வேண்டாம். தில்லியில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி, மே மாதத்திலேயே கோடை விடுமுறையில் அறுந்து, ஜூலையில் மீண்டும் ஒட்டுகிறது. நவம்பரில் காற்று மாசு மிகுந்தால் பள்ளியை மூடிவிட்டு இணையவழி வகுப்பு என்பார்கள். ஜனவரியில் குளிர்கால விடுமுறை. ஒவ்வோர் இடைவெளிக்குப் பிறகும் முதல் இரண்டு நாள்கள் பாடத்தைச் சற்று ஒதுக்கிவிட்டு வழக்கங்களை மீண்டும் பழக்கத்தான் வேண்டும். ‘ஏப்ரலில் சொன்னேனே’ என்று நவம்பரில் கோபித்துக்கொள்வதில் பயனில்லை.

இனி, நம் வகுப்பறைகளின் பழைய வழக்கம் ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆசிரியர் வரத் தாமதமானால் மானிட்டர் சாக்கட்டியோடு எழுந்து, கரும்பலகையின் ஓரத்தில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்பிட்டுப் பெயர்களை எழுதுவது. தமிழ்நாட்டிலிருந்து தில்லி வரை, தமிழ்வழி ஆங்கிலவழி என்ற வேறுபாடில்லாமல், இந்தப் பட்டியல் இன்றும் உயிரோடிருக்கிறது. அடுத்தமுறை பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, அதற்கும் மேலே போனால் இன்னொன்று. மானிட்டரின் நெருங்கிய நண்பன் பெயர் அதில் வராது. ஒரு குர்குரே பாக்கெட் கைமாறினால் எழுதிய பெயரும் அழிந்துவிடும். ஊழலைப் பற்றி எட்டாம் வகுப்புக் குடிமையியல் சொல்லித்தருவதற்கு முன்பே பிள்ளைகள் இங்கே செய்முறைப் பயிற்சி பெற்றுவிடுகிறார்கள். வேடிக்கை ஒருபுறமிருக்க, வகுப்பிலேயே பொறுப்பான பிள்ளை என்று தேர்ந்தெடுத்த ஒருவனுக்கு, மற்றவர்களிடம் குற்றம் தேடுவதே தலைமை என்று கற்பிக்கும் இந்த வழக்கத்தை அடியோடு நிறுத்திவிட வேண்டும். ஆசிரியர் வரும்வரை செய்வதற்குக் கரும்பலகையில் இரண்டு கணக்குகளை எழுதிப்போடுவதே மானிட்டரின் வேலை என்று மாற்றினால் போதும். பேச்சு அறவே நிற்காது, குறையும்.

கண்டித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவில் 1968-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கெடுத்துக் காட்டியிருக்கிறது. சிறு பிள்ளைகளின் வகுப்பு ஒன்றில், இடத்தைவிட்டு எழுபவர்களை ‘உட்கார்’ என்று ஆசிரியர்கள் வழக்கத்தைவிட அடிக்கடி அதட்டினார்கள். எழுந்து நிற்பவர்களின் எண்ணிக்கை கூடியது. பின்னர் அதட்டுவதைக் குறைத்து, உட்கார்ந்து வேலை செய்யும் பிள்ளைகளைப் பாராட்டத் தொடங்கியதும் அது குறைந்தது. ‘உட்கார்’ என்ற சொல்லுக்குப் பிள்ளை ஒரு கணம் உட்காரும். அதனால் தன் அதட்டல் பலித்துவிட்டதாக ஆசிரியருக்குத் தோன்றும். ஆனால் ஆசிரியரின் கவனம் எழுந்து நின்றால்தான் கிடைக்கும் என்று வகுப்பு முழுவதும் அதற்குள் கற்றுக்கொண்டுவிடுகிறது. கவனிக்கப்படாமல் இருப்பதைவிடத் திட்டு வாங்குவது மேல் என்று நினைக்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள்.

பாராட்டு என்றதும் நம்மவர்கள் பலருக்கு முகம் சுளிக்கும். புகழ்ந்தால் தலைக்கேறிவிடும், கண் பட்டுவிடும், கடமையைச் செய்ததற்கு எதற்குப் பாராட்டு என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறோம். இதில் ஓரளவு உண்மையும் உண்டு. எப்படிப் பாராட்டுகிறோம் என்பதைப் பொறுத்துத் தலைக்கேறவும் செய்யும். கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற உளவியலாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு சோதனையை முடித்ததும் சிலரிடம் ‘நீ கெட்டிக்காரன்’ என்றும், சிலரிடம் ‘நன்றாக உழைத்திருக்கிறாய்’ என்றும் சொல்லப்பட்டது. அடுத்து வந்த கடினமான சோதனையில் எல்லாருமே தடுமாறினார்கள். அதன் பிறகு, கெட்டிக்காரப் பட்டம் பெற்றவர்கள் எளிதில் சோர்ந்தார்கள். மீண்டும் எளிய சோதனை வைத்தபோதும் முன்பைவிடக் குறைவாகவே செய்தார்கள். தாங்கள் பெற்ற மதிப்பெண்ணை மற்றப் பிள்ளைகளுக்குத் தெரிவிக்கும்போது கூட்டிச் சொன்னவர்களும் அவர்களிடையேதான் அதிகம். உழைப்புக்குப் பாராட்டப்பட்டவர்களிடம் இந்தக் கோளாறு குறைவாகவே இருந்தது.

இதை நடத்தைக்கும் பொருத்திப் பார்க்கலாம். ‘வெரி குட்’, ‘நல்ல பையன்’ என்பவை காதில் விழுந்து காற்றில் போய்விடும். எதற்காகச் சொன்னார் என்றே பிள்ளைக்குத் தெரியாது. ‘அவன் விடையைத் தப்பாகச் சொன்னபோது நீ சிரிக்கவில்லை, அதைக் கவனித்தேன்’ என்று சொன்னால் தெரியும். கண்ணால் கண்டதை, கண்ட உடனே, ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். இந்த வயதில் கூடுதலாக ஒன்றையும் நினைவில் வைத்துக்கொள்வது அவசியம். மூன்றாம் வகுப்புப் பிள்ளையை எல்லார் முன்னிலும் பாராட்டினால் பூரித்துப்போகும். எட்டாம் வகுப்புப் பையனை அப்படிப் பாராட்டினால் இடைவேளையில் ‘சாருடைய செல்லம்’ என்று அவனைத் தோழர்கள் படுத்தும் பாட்டில் அடுத்த நாள் வேண்டுமென்றே ஏதாவது தப்பு செய்து தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்வான். ஆகவே பெரிய பிள்ளைகளிடம் பாராட்டைச் சற்று மறைவாகச் சொல்ல வேண்டும். நோட்டைத் திருப்பித் தரும்போது தாழ்ந்த குரலில் ஒரு வார்த்தை, அல்லது நோட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி. ‘இவ்வளவு நல்லவன், ஆனால் வீட்டுப்பாடம்தான் செய்வதில்லை’ என்று பாராட்டின் வாலில் ஒரு குறையைக் கட்டிவிடும் நம் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். பிள்ளைகள் ‘ஆனால்’ வரும்வரை காத்திருப்பார்கள். அதற்கு முன் சொன்னது எதுவும் அவர்கள் கணக்கில் சேராது.

யாரைப் பாராட்டுகிறோம் என்பதும் பாராட்டும் முறையளவுக்கு முக்கியமானது. எந்த ஆசிரியரையும் நிறுத்தி அவர் வகுப்புப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லச் சொன்னால், முதலில் வருபவை முதல் மதிப்பெண்காரர்களின் பெயர்கள். அடுத்து, தொல்லை தருபவர்களின் பெயர்கள். நடுவில் இருக்கும் முப்பது பேர், தாமதமாக வராமல், சண்டை போடாமல், தொண்ணூறும் வாங்காமல், ஆண்டு முழுவதும் யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறார்கள். வருகைப் பதிவேட்டைப் போல ஒரு பெயர்ப் பட்டியலை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, இந்த வாரம் யார் யாரிடம் ஒரு நல்ல சொல் சொன்னோம் என்று புள்ளி வைத்துவந்தால், நான்காவது வாரத்தில் அந்தப் பட்டியலே நம் பார்வையின் கோணலைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பட்டியலைப் பிள்ளைகளிடமோ தலைமை ஆசிரியரிடமோ காட்டத் தேவையில்லை. காட்ட வேண்டியது என்று ஆனால் அது இன்னுமொரு படிவமாகிவிடும். படிவம் நிரப்புவதில் நம் ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே போதுமான அனுபவம் இருக்கிறது.

தனியார் பள்ளிகளில் இப்போது பரவிவரும் நட்சத்திரம், புள்ளி, கைப்பேசிச் செயலியில் ஏறி இறங்கும் மதிப்பெண் ஆகியவற்றைப் பற்றி எனக்கு ஐயம் உண்டு. 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஆய்வு, படம் வரைவதில் இயல்பாகவே ஆர்வமுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியது. வரைந்தால் தங்க முத்திரை பதித்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்த பிள்ளைகள், சில நாள்கள் கழித்துத் தாமாக விளையாட விட்டபோது, மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழ பாதியே வரைந்தார்கள். சொல்லாமல் பிறகு எதிர்பாராத வகையில் சான்றிதழ் பெற்றவர்களின் ஆர்வம் குறையவில்லை. ஆக, பரிசு எல்லாமே கெடுதல் என்று இதற்குப் பொருளல்ல. ஆனால் ‘கீழே கிடக்கும் காகிதத்தை எடுத்தால் ஒரு நட்சத்திரம்’ என்று பேரம் பேசத் தொடங்கிய வகுப்பில், ‘இதற்கு என்ன கிடைக்கும் சார்?’ என்ற கேள்வி வருவதற்கு நெடுநாள் ஆகாது. பெயர்கள் எழுதிய நட்சத்திரப் பட்டியலைச் சுவரில் தொங்கவிடுவது இன்னும் மோசம். இரண்டாம் மாதத்திலேயே, யார் எப்போதும் மேலே, யார் எப்போதும் கீழே என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். கீழே இருக்கும் பிள்ளை அதன்பிறகு முயல்வதை விட்டுவிடுகிறது. வகுப்பு முழுவதும் ஒன்றாகச் சேர்ந்து ஈட்டிய ஒன்றுக்கு, சனிக்கிழமைக்கு முந்தைய கடைசி பீரியடில் மைதானத்தில் இருபது நிமிடம் தருவது போன்றவை எவ்வளவோ மேல். செலவும் இல்லை, ஏற்றத்தாழ்வும் இல்லை.

பரிசைவிடப் பொறுப்புக்குப் பலன் அதிகம் என்பது பழைய ஆசிரியர்கள் எல்லாரும் அறிந்ததே. மணியடிக்கும் வேலையை வகுப்பின் பெரிய குறும்பனிடம் கொடுப்பது ஊர்தோறும் நடந்த ஒன்று. ஆனால் அதைத் தந்திரமாகச் செய்தால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். வேலை உண்மையான வேலையாக இருக்க வேண்டும்: மதிய உணவின்போது வரிசையைப் பார்ப்பது, ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நூலகத்தையும் கழிவறையையும் காட்டுவது, ஆய்வகக் கண்ணாடிக் குழாய்களை எண்ணி அடுக்குவது. எல்லாருக்கும் முறைவைத்து வர வேண்டும். நன்றாகப் படிப்பவர்களின் தனியுரிமையாக ஆகிவிடக் கூடாது. கொடுத்த பொறுப்பை, வேறொரு தவற்றுக்குத் தண்டனையாகப் பிடுங்கவும் கூடாது. காலையில் சண்டை போட்டவன் மதியம் உணவு வரிசையைப் பார்க்கட்டும். சண்டைக்கான விசாரணை தனி.

இப்படியெல்லாம் சொல்வதால், தவறு செய்த பிள்ளையைத் தடவிக்கொடுத்து அனுப்ப வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் கருத வேண்டாம். மற்றப் பிள்ளையை அடிப்பது, சாதி, நிறம், ஊர் சொல்லிக் கேலி செய்வது, பிறர் பொருளை உடைப்பது ஆகியவற்றுக்கு விளைவு இருந்தே ஆக வேண்டும். அந்த விளைவு சிறியதாக இருக்கலாம். நிச்சயமானதாக இருக்க வேண்டும். இன்று நல்ல மனநிலையில் இருப்பதால் விட்டுவிடுவதும், நாளை எரிச்சலில் ஒரு வாரம் வெளியே நிறுத்துவதுமாக இருந்தால், பிள்ளை விதியைப் படிப்பதை விட்டுவிட்டு ஆசிரியரின் முகத்தைப் படிக்கத் தொடங்கிவிடும். கெடுத்ததைச் சரிசெய்வதே விளைவாக அமைவது நல்லது: கிழித்த நோட்டை உட்கார்ந்து எழுதிக்கொடுப்பது, கேலிக்கு ஆளானவனோடு ஆசிரியர் முன்னிலையில் நேருக்கு நேர் பேசுவது. நாற்பது பேர் பார்க்க நடத்தும் விசாரணையில் எந்தப் பிள்ளையும் உண்மையைச் சொல்லாது. வகுப்பு முடிந்து இரண்டு நிமிடம் நிறுத்திக் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடும்.

டைரி ரிமார்க் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. தில்லித் தமிழரில் அலுவலகக் குடும்பங்கள் மட்டும் இல்லை. விழுப்புரத்திலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து, வீட்டுவேலையிலும் கட்டட வேலையிலும் காலந்தள்ளும் குடும்பங்கள் ஏராளம். அந்தத் தாய்மார்கள் பலருக்கு இந்தி பேச வரும், படிக்க வராது. படிக்கத் தெரிந்தால் தமிழ்தான். டைரியில் ஆசிரியர் ஆங்கிலத்தில் எழுதிய ரிமார்க்கை அந்த அம்மாவுக்குப் படித்துச் சொல்பவன் யார்? குற்றம் சாட்டப்பட்ட அதே மகன்தான். ‘உங்கள் மகன் வகுப்பில் தொடர்ந்து தொந்தரவு செய்கிறான்’ என்பது வீட்டில் ‘நாளைக்குப் படம் வரைகிற நோட்டு வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்’ என்று ஆகிவிடுகிறது, கையெழுத்தும் கிடைத்துவிடுகிறது. மகன் சாமர்த்தியசாலி என்பதைத் தவிர அந்த ரிமார்க்கால் நிறுவப்பட்டது எதுவுமில்லை.

பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தால் இந்தக் குடும்பங்களில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்கிறேன். ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன். டைரி முழுக்க வீட்டுப்பாடம் முடிக்கவில்லை என்ற ரிமார்க். ஒரு நாள் அவன், ஆண்டின் நடுவில் தமிழ்நாட்டிலிருந்து வந்து சேர்ந்த, ஒரு சொல்கூட இந்தி தெரியாத பையன் ஒருவன் பக்கத்தில், யாரும் சொல்லாமலே போய் உட்கார்ந்து, கரும்பலகையில் இந்தி ஆசிரியர் எழுதியதை ஒவ்வொரு சொல்லாக வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தான். அன்று மாலை அவனுடைய தாயைத் தொலைபேசியில் அழைத்தேன். பெயரைச் சொன்னதுமே, ‘என்ன சார் பண்ணிட்டான்?’ என்றார். நடந்ததைச் சொன்னேன். சிறிது நேரம் பேச்சில்லை. ‘வேற எதுவும் இல்லையே சார்?’ என்றார். இல்லை, இதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றதும், ‘இன்னொரு தடவை சொல்லுங்க சார், அவங்க அப்பா பக்கத்துலதான் இருக்காரு’ என்று கைப்பேசியை மாற்றிக்கொடுத்தார்.

மறுநாளே அவன் வீட்டுப்பாடத்தை முடித்துக்கொண்டு வந்தான் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், அப்படி நடக்கவில்லை. வீட்டுப்பாடம் அதன்பிறகும் அரைகுறைதான். ஆனால் அதுவரை பெற்றோர் கூட்டத்தின் பக்கமே வராத அந்தத் தாய், அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வந்து, வீட்டுப்பாடம் ஏன் முடிவதில்லை என்பதைத் தாமாகவே சொன்னார். மாலையில் தங்கையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. பத்து ரிமார்க் கொண்டுவராத செய்தியை ஒரு நல்ல வார்த்தை கொண்டுவந்தது. தமிழ் பேசும் ஆசிரியர் இருக்கும் பள்ளிகளில் இத்தகைய அழைப்பைத் தமிழிலேயே செய்ய முடியும்; தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுக்கு இதில் இயல்பாகவே ஒரு வசதி உண்டு. வாரம் இரண்டு அழைப்பு என்று வைத்துக்கொண்டாலே ஓராண்டில் வகுப்பு முழுவதையும் சுற்றிவந்துவிடலாம்.

நடத்தை என்று நாம் குறிப்பெடுப்பதில் நடத்தையே அல்லாதவையும் உண்டு. தில்லி ஜங்புராவில் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த குடிசைப் பகுதியான மதராசி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டு, தகுதி பெற்றதாக ஏற்கப்பட்ட குடும்பங்களுக்கு நகரின் வட கோடியில் நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. அங்கிருந்து பழைய பள்ளிக்கே வர நினைக்கும் பிள்ளை ஊரின் மறுமுனைக்குப் பேருந்து மாறி மாறி வர வேண்டும். அப்படி வரும் பிள்ளையைத் தாமதமாக வந்ததற்காகக் காலைக் கூட்டத்தின் ஓரத்தில் நிறுத்திவைப்பதில் எந்த ஒழுக்கப் பாடமும் இல்லை.

தில்லி அரசு 2018 ஜூலையில் தன் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை தொடங்கிய மகிழ்ச்சிப் பாடத்திட்டத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மூச்சைக் கவனித்து அமைதியாக உட்காரவும் மனத்தில் பட்டதைச் சொல்லவும் ஒரு பீரியட் ஒதுக்கியது நல்ல காரியம். ஆனால் அந்த பீரியடில் பேசிய கருணை, அடுத்த பீரியடில் ஆசிரியரின் குரலில் காணோம் என்றால், பிள்ளைகள் எதை நம்புவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆசிரியர்கள் தரப்பையும் மறந்துவிடலாகாது. நடுநிலை வகுப்புகளில் முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. நெரிசலான பகுதிகளில் ஒரே அறையில் அதைவிட அதிகம் பேர் இருப்பது யாரும் அறியாததல்ல. அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் தேர்தல் பணிக்கும் ஆசிரியர்களை அனுப்பலாம் என்கிறது. வாக்காளர் பட்டியலோடு வீடு வீடாக ஏறி இறங்கிவிட்டு வகுப்புக்கு வருபவரிடம், நல்லதைத் தேடிப் பாராட்டுங்கள் என்று சொல்வது எளிதல்ல. அவர் செய்த நல்லதை யாராவது கவனித்தார்களா என்று அவரும் கேட்கக்கூடும். காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் முன்னிலையில் ஆசிரியரைக் கடிந்துகொள்ளும் தலைமை ஆசிரியர்கள் இருக்கும்வரை, அந்த ஆசிரியரிடமிருந்து வேறு குரலை எதிர்பார்ப்பது நியாயமாகாது. இந்த மாற்றத்தை மேலிருந்து தொடங்குவதே முறை.

இறுதியாக, உடனே செய்யக்கூடிய ஒன்று. பள்ளி டைரிகளில் வழக்கமாக ரிமார்க்குக்கென்று சில பக்கங்கள் இருக்கும்: தேதி, குறை, ஆசிரியர் கையொப்பம், பெற்றோர் கையொப்பம். அவற்றில் பாதியை, பிள்ளை செய்த நல்லதை எழுதுவதற்கென்று, தமிழிலோ இந்தியிலோ எழுத இடம்விட்டு அச்சிட வேண்டும். கூடுதல் காகிதம் தேவையில்லை, கூடுதல் செலவும் இல்லை. அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் பல குழுக்களில் அவர்கள் வருகைப் பதிவில் கையெழுத்திட்டுத் தேநீர் குடித்துவிட்டு வருவதோடு சரி. புதிய டைரிகள் ஏப்ரலில் பிள்ளைகள் கைக்கு வருகின்றன; அதற்கு முன் குளிர்கால விடுமுறை முடிந்து கூடும் குழுக் கூட்டத்தில் இதை எழுத்துமூலம் கோரிக்கையாக வைக்குமாறு, அந்தக் குழுக்களில் உள்ள தமிழ்ப் பெற்றோர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கோரிக்கையைத் தமிழில் எழுதிக்கொடுத்தாலும், அதைக் கூட்டத்தில் படித்துச் சொல்லத் தமிழறிந்த ஆசிரியர் ஒருவரைக் கேட்டுக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்,
ராமகிருஷ்ணபுரம், புது தில்லி.